அந்த 'டப்' பிடிபட்ட மதியம்

மேடையின் பின்பக்கம் ஐந்து மரப்படிகள். அவற்றை நான் நடந்து ஏறவில்லை, ஓடி ஏறினேன். சின்ன வயதிலிருந்து மெல்லிசைக் கச்சேரியை நாற்காலியில் உட்கார்ந்தே பார்த்த ஆளைத் திரைக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டால் கால் தரையில் நிற்குமா? சென்னையில் ஒரு கல்யாண மண்டபம், மதியம் மூன்று மணி. ரிசப்ஷன் ஏழு மணிக்கு. முன்னால் பூ அலங்காரக்காரர்கள் ஏணிமேல் நின்று சாமந்திச் சரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் சமையற்கட்டில் வெங்காயம் வதங்கும் வாசனை. மேடையின் வலது ஓரத்தில், ஜமக்காளத்தின் மேல் சப்பணமிட்டு, கண்ணை மூடி எதையோ உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார் கிட்டார் அண்ணன்.

முப்பது வருடமாக மெல்லிசை மேடைகளில் வாசிப்பவர். "பேர் போடாம எழுதறதா இருந்தா வாங்க" என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அவர் அண்ணன்தான்.

அவர் முன்னால் இருந்த பெட்டியைப் பார்த்ததும் எனக்குச் சிறுபிள்ளை மாதிரி குஷி வந்துவிட்டது. டிஜிட்டல் கிட்டார் ப்ராசஸர்! தட்டையான கருப்பு உடம்பு, இரண்டு வரிசையாக ஸ்விட்சுகள், வலது பக்கம் ஒரு பெடல், நடுவில் சின்னத் திரை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு குமிழின் ஓரத்திலும் இரண்டு ஒட்டுப்பொட்டு! சிவப்பு ஒன்று, கருப்பு ஒன்று. வீட்டில் கேட்டு வாங்கிய அட்டையாம். கருப்பு, வீட்டில் ஹெட்போன் போட்டுப் பழகும்போது குமிழ் நிற்க வேண்டிய இடம். சிவப்பு, கச்சேரியில் நிற்க வேண்டிய இடம். நாலாவது ஸ்விட்சின் தலையில் ஒரு சோடா மூடியைப் பசைபோட்டு ஒட்டியிருந்தார். இருட்டில் கால் விரலுக்குத் தட்டுப்படுவதற்காக. அண்ணன் மேடையில் செருப்பு போடுவதில்லை. வலது கால் பெருவிரல்தான் அவருடைய ஆறாவது கைவிரல்.

"கேளுங்க" என்று அந்தப் பெருவிரலால் சோடா மூடியை அமுக்கினார்.

டப்.

அட்டைப்பெட்டியை யாரோ விரல் நுனியால் தட்டினது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். எனக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தால் பல்வலிக்காரர் முகம்.

"போன வாரம் இது 'இளைய நிலா'வுக்கு முன்னாடி வந்துச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்துப் பாட்டு. அது கிட்டாரில்தான் தொடங்கும். தபேலா காப்பாற்றாது, வயலின் மூடி மறைக்காது. அறிவிப்பாளர் பாட்டின் பெயரைச் சொன்னதும் மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் தந்திக்காகக் காத்திருக்கும். அந்த மௌனத்தின் நடுவில் ஒரு 'டப்'! இப்போது எனக்கும் பல் வலித்தது.

இந்தப் பெட்டி எதற்கு என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மெல்லிசை மேடையில் கிட்டார் வாசிப்பவர் ஒரே இரவில் நாலு பேராக மாற வேண்டும். ஒரு பாட்டுக்கு மரக் கிட்டாரின் மெல்லிய மணியோசை, அடுத்ததற்கு நெருப்பு கக்கும் லீட், இன்னொன்றுக்கு 'வா வா' என்று வாய் பேசும் பெடல். தோளில் இருப்பதோ ஒரே எலெக்ட்ரிக் கிட்டார். முன்பெல்லாம் ஒவ்வொரு ஒலிக்கும் தனித்தனிப் பெடல் வாங்கி, வரிசையாக வயர் போட்டு, பாட்டுக்கு நடுவே மூன்று பெடலை ஒரே மிதியில் மாற்ற வேண்டும். எண்பதுகளின் கடைசியில் அத்தனையையும் ஒரே பெட்டிக்குள் அடைத்த கருவிகள் வந்தன. பாஸ் கம்பெனியின் எம்இ-5 வந்தது 1988-ல். ஒவ்வொரு ஒலியையும் ஒரு 'பேட்ச்' ஆகச் சேமித்துக்கொள்ளலாம். ஸ்விட்சைத் தட்டினால் பேட்ச் மாறும், கிட்டாரே மாறும். அந்த மாறும் கணத்தில்தான் எல்லா விஷமமும்.

"எல்லாரும் 'நாய்ஸ் வருது, நாய்ஸ் வருது'ன்னு சொல்வாங்க. எப்ப வருதுன்னு கேட்டா முழிப்பாங்க" என்றார் அண்ணன். "மாத்தறதுக்கு முன்னாடியே இருக்கா? மாத்துற நொடியில வருதா? மாத்தின பிறகு வந்து உட்கார்ந்துக்குதா? அதைச் சொல்லு, ஆளைக் காட்டறேன்."

அன்று மதியம் முழுக்க இந்த ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொரு சத்தமாகப் பிரித்தெடுத்ததை ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

முதல் வேலையாகக் கிட்டார் கேபிளைப் பிடுங்கினார். மிக்ஸருக்குப் போகும் கேபிளையும் பிடுங்கினார். பெட்டி, அடாப்டர், ஹெட்போன். வேறு எதுவும் இல்லை. ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டு ஸ்விட்சைத் தட்டினார். லீட், அக்கூஸ்டிக், லீட், அக்கூஸ்டிக். திரையில் எழுத்து மாறியது, விளக்கின் நிறம் மாறியது, காதில் ஒன்றுமே இல்லை! அடுத்து கிட்டாரைச் செருகி ஒரு தந்தியை மீட்டினார். அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே தட்டினார். டப்! தந்தியை உள்ளங்கையால் அமுக்கிவிட்டுத் தட்டினார். 'டப்' இருந்தது, ஆனால் சின்னதாக, பூனை குதித்த மாதிரி.

"ஆக, பெட்டி தானா சத்தம் போடலை. ஏதோ ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கும்போது அதை வெட்டினாத்தான் சத்தம். சரியா?"

நான் தலையாட்டினேன். பிறகு அவர் சொன்னதைக் கேட்டு வாயைப் பிளந்தேன். பெட்டிக்குள் ஒலி என்பது வெறும் எண்கள். பல ப்ராசஸர்கள் ஒரு விநாடிக்கு 48,000 தடவை தந்தியின் அதிர்வை அளந்து எண்ணாக எழுதிக்கொள்கின்றன. அந்த எண்களைப் பெருக்கி, வளைத்து, தாமதமாகத் திருப்பிவிட்டு, லீட் ஒலியையும் எதிரொலியையும் உண்டாக்குகின்றன. பேட்ச் மாற்றச் சொன்னால் பெட்டி என்ன செய்யும்? ஒரு வீட்டைக் காலி பண்ணி அதே இடத்தில் இன்னொரு வீட்டைக் கட்டும்! பழைய ஆம்ப், பழைய எதிரொலி எல்லாவற்றையும் தூக்கி வெளியே போட வேண்டும். எதிரொலிக்கென்று வைத்திருக்கும் நினைவகத்தைத் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் போன பாட்டின் மிச்சம் இந்தப் பாட்டில் கொட்டிவிடும். பிறகு புதிய சாமான்களை அடுக்க வேண்டும். இது முடியும்வரை வாசல் கதவைச் சாத்தி வைத்திருக்கும். 20 மில்லி செகண்ட் சாத்தினால் 960 எண்கள் போச்சு. நம் காது சாதாரணப்பட்டதில்லை; 2, 3 மில்லி செகண்ட் ஓட்டையைக்கூடக் கண்டுபிடித்துவிடும்.

ஆனால் 'டப்' என்பது அந்த ஓட்டையின் சத்தம் இல்லை. கதவைச் சாத்தும் விதத்தின் சத்தம். ஒலி அலை உச்சத்தில் நிற்கும்போது கதவைப் பட்டென்று அறைந்தால், எண் மேலேயிருந்து நேராகப் பூஜ்யத்தில் விழுகிறது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்புக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அப்படிப்பட்ட திடீர்க் குதியில் கீழ்ச்சுருதியிலிருந்து மேல்சுருதிவரை எல்லா ஒலியும் துளித்துளி கலந்திருக்கும். அதனால்தான் அது எந்த ஸ்வரத்திலும் சேராமல் வெறும் தட்டலாகக் கேட்கிறது. கதவை மெதுவாகச் சாய்த்து மூடினால் சத்தமே வராது.

இதைக் கேட்டதும் எனக்குப் பழைய எடிட்டிங் அறை ஞாபகம் வந்து துள்ளிவிட்டேன். ஃபிலிம் சுருளின் ஓரத்தில் ஒலியை வெளிச்சக் கோடாகப் பதிந்த காலத்தில், இரண்டு துண்டுகளை ஒட்டிய இடம் புரொஜெக்டரைக் கடக்கும்போது இதே 'டப்'தான் வரும். அந்த ஒட்டின் மேல் முக்கோணமாகக் கருப்பு மை தீட்டுவார்கள். வெளிச்சம் ஒரேயடியாக அறுந்து போகாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். 'டப்' காணாமல் போய்விடும்! ஒலிப்பதிவுக் கூடத்தில் டேப்பைச் சாய்வாக வெட்டி ஒட்டியதற்கும் இதுவே காரணம். கத்தியைச் சாய்த்துப் பிடித்த அந்தக் கைகளின் அறிவு இன்று பெட்டிக்குள் எண்ணாக இருக்கிறது. நல்ல ப்ராசஸரில் கதவு சாய்வாகத்தான் மூடும். அண்ணனுடைய பெட்டிக்கு வயசாகிவிட்டது, அது கொஞ்சம் அவசரக்குடுக்கை.

"சரிண்ணே, ஆனா 'இளைய நிலா'வுக்கு முன்னாடி நீங்க ஒண்ணும் வாசிக்கலையே? தந்தியைத்தான் அமுக்கிப் பிடிச்சிருந்தீங்களே? அப்ப எதை வெட்டுச்சு?"

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். பரீட்சையில் சரியான கேள்வியைக் கேட்டுவிட்ட மாணவனைப் பார்க்கிற சிரிப்பு.

லீட் பேட்சைப் போட்டார். தந்தியைத் தொடவில்லை. மிக்ஸர் கேபிளை மறுபடி செருகி, சவுண்ட் தம்பியிடம் மானிட்டர் ஸ்பீக்கரை ஏற்றச் சொன்னார். 'ம்ம்ம்ம்' என்று அடிவயிற்றில் ஒரு முனகல். பின்னாலிருந்த எல்இடி திரைக்கு முகம் காட்டி கிட்டாரைப் பிடித்தார், முனகல் பெருத்தது. உடம்பை மெல்லத் திருப்பினார், முனகல் மெலிந்தது. இன்னும் கொஞ்சம் திருப்ப, கிட்டத்தட்ட அடங்கியது. கோயில் பிரகாரத்தில் சுற்றுவது போல அவர் அந்த ஜமக்காளத்தில் கிட்டாரோடு சுற்றியதும், சுற்றச் சுற்ற முனகல் ஏறி இறங்கியதும், அடடா, அதைப் பார்க்கவே ஒரு டிக்கெட் போடலாம்!

கிட்டாரின் வயிற்றிலிருக்கும் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பி. தந்தியின் ஆட்டத்தை மட்டும் பிடி என்றால் அது கேட்காது. சுற்றிலும் ஓடுகிற 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டின் காந்த அலையையும், விளக்குகளின் இரைச்சலையும் சேர்த்தே பிடிக்கும். ஒற்றைச் சுருள் பிக்கப்பின் பிறவிக்குணம் இது. இதற்கு மருந்தாக 1955-ல் கிப்சன் கம்பெனியின் செத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி இணைத்தார். வெளியிலிருந்து வரும் 'ஹம்' என்ற அந்த முனகல் இரண்டிலும் எதிர்த்திசையில் ஓடித் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். தந்தியின் ஒலி மட்டும் கூடும். அதனால்தான் அதற்கு ஹம்பக்கர் என்று பெயர். அண்ணனின் கிட்டாரில் இருப்பது ஒற்றைச் சுருள். மரக் கிட்டார் ஓசைக்கு அதுதான் அவருக்குப் பிடிக்கும்.

இப்போது கணக்குப் பாருங்கள். லீட் பேட்ச் என்பது ஒலியை அசுரத்தனமாகப் பெருக்கும். 40 டெசிபெல் ஏற்றினாலே 100 மடங்கு. கிட்டாரில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஹம், பெட்டியிலிருந்து வெளியே வரும்போது பெரிய அலை. அண்ணன் தந்தியை அமுக்கிப் பிடித்திருந்த அந்த மௌனத்தில்கூட அந்த அலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெட்டி வெட்டியது அதைத்தான்! கச்சேரி இரைச்சலில் யாருக்கும் கேட்காத முனகல், வெட்டுப்படும்போது மட்டும் எல்லாருக்கும் கேட்டது. எனக்குச் சிலிர்த்தது.

மருந்து எளிது. நாய்ஸ் கேட். ஒலி ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் தானே கதவைச் சாய்த்து மூடும் காவல்காரர். ஆனால் அவரை எங்கே உட்காரவைப்பது என்பதில்தான் விஷயம். அண்ணன் அதுவரை வரிசையின் கடைசியில், எதிரொலிக்கும் பிறகு வைத்திருந்தார். அங்கே ஹம் ஏற்கெனவே நூறு மடங்கு பெருத்துவிட்டது, எதிரொலியும் கலந்துவிட்டது. காவல்காரருக்கு யார் திருடன், யார் வீட்டுக்காரர் என்று தெரியாது. இப்போது வரிசையின் முதலில், பெருக்கலுக்கு முன்னால் நகர்த்தினார். எல்லையை ஒவ்வொரு புள்ளியாக ஏற்றினார். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நீண்ட ஸ்வரத்தை மீட்டி, அது தேய்ந்து சாகும் இடம்வரை காது கொடுத்தார். அளவுக்கு மீறி ஏற்றினால் ஸ்வரத்தின் வாலும் சேர்ந்து அறுபடும். ஒரு இடத்தில் முனகல் நின்றது, வாலும் முழுசாக இருந்தது. பாக்கெட்டிலிருந்து பொட்டு அட்டையை எடுத்தவர், "ஐயோ, இது மெனுவுக்குள்ள இருக்கு, பொட்டு வைக்க முடியாது" என்று திருப்பிப் போட்டுக்கொண்டார்.

இதற்குள் சவுண்ட் தம்பி மிக்ஸரிலிருந்து கத்தினான். "அண்ணே, இன்னொரு ஹம் இருக்குண்ணே. லேசா. அக்கூஸ்டிக்லயும் இருக்கு."

அண்ணன் இரண்டு பேட்சையும் மாற்றி மாற்றிக் கேட்டார். ஆமாம், இரண்டிலும் ஒரே அளவு. "லீட்ல மட்டும் ஏறினா பெட்டிக்கு முன்னாடி கோளாறு. எல்லாத்துலயும் ஒரே மாதிரி நின்னா பெட்டிக்குப் பின்னாடி." எவ்வளவு அழகான கணக்கு! பெட்டிக்குப் பின்னால் இருப்பது மிக்ஸருக்குப் போகும் கேபிள். பெட்டி மேடை ஓரத்து ஜங்ஷன் பாக்ஸில், மிக்ஸர் மண்டபத்தின் அந்தக் கோடியில் வேறொரு ப்ளக்கில். இரண்டு எர்த்துக்கும் கேபிளின் எர்த்துக்கும் நடுவில் ஒரு வட்டம் உண்டாகி, அதில் கரண்ட் சுற்றிக்கொண்டிருந்தது.

"ப்ளக்ல எர்த் பின்னை எடுத்துடட்டுமாண்ணே? போயிடும்" என்றான் தம்பி.

அன்று மதியம் அண்ணன் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான். "அதைத் தொட்ட, நான் கிட்டாரை மூடிட்டுப் போயிடுவேன்." நானும் அதையே அழுத்திச் சொல்கிறேன். 1972-ல் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சியில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர், சரியாக எர்த் ஆகாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார். கிட்டார் வாசிப்பவரின் விரல் எப்போதும் உலோகத் தந்திமேல், உதடு மைக்குப் பக்கத்தில். எர்த் பின் அவருடைய உயிர். வட்டத்தை அறுக்க வேறு வழி இருக்கிறது: டிஐ பாக்ஸ். தம்பி பெட்டியிலிருந்து கைக்கு அடக்கமான ஒன்றைக் கொண்டுவந்தான். அதன் பக்கவாட்டில் ஒரு குட்டி பொத்தான், ஒலிக் கேபிளின் எர்த்தை மட்டும் பிரித்துவிடும்; ப்ளக்கின் எர்த் அப்படியே இருக்கும். பேனா முனையால் அதை அமுக்கினான். லேசான ஹம் நின்ற பிறகுதான் அது எவ்வளவு நேரமாக இருந்தது என்றே எனக்குத் தெரிந்தது.

ஒரு 'டொக்' மட்டும் மிச்சம். ஸ்விட்சைத் தட்டும்போதெல்லாம் வந்தது. அண்ணன் மானிட்டரை முழுக்க அணைத்துவிட்டுத் தட்டினார். அப்போதும் வந்தது! அது ஸ்பீக்கரில் பிறந்ததே இல்லை. மரப்பலகை மேடையில் பெட்டியின் கால் இடிக்கும் சத்தம், பக்கத்திலிருந்த பாடகர் மைக் வழியாகவும் ஏறியிருந்தது. ஜமக்காளத்தை இன்னொரு மடிப்பு மடித்துப் போட்டதும் போயிற்று.

எல்லாம் அடங்கிய பிறகும் அண்ணன் எழுந்திருக்கவில்லை. அவருக்கு வெட்டே வேண்டாம். லீட் ஸ்வரத்தின் எதிரொலி தேய்ந்துகொண்டிருக்கும்போதே மரக் கிட்டார் தொடங்க வேண்டும், ஒன்றன் மேல் ஒன்று படர வேண்டும். அதற்கு வீட்டை இடித்துக் கட்டுவதே கூடாது. ஒரே வீட்டுக்குள் இரண்டு அறை வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே பேட்சுக்குள் இரண்டு பாதை: ஒன்றில் லீட், இன்னொன்றில் அக்கூஸ்டிக். இரண்டும் எப்போதும் ஓடிக்கொண்டேயிருக்கும். பெருவிரல் தட்டும்போது ஒன்று இறங்கி மற்றது ஏறும். எதிரொலி இரண்டுக்கும் பொதுவாகக் கடைசியில். லைன் 6 ஹீலிக்ஸில் இப்படி ஒரே பேட்சுக்குள் மாறுவதை ஸ்னாப்ஷாட் என்கிறார்கள், ஃப்ராக்டல் பெட்டிகளில் சீன். இரண்டிலும் ஒரு பேட்சுக்கு 8 வரை வைக்கலாம். விலை என்னவென்றால், எல்லாச் சாமானும் ஒரே நேரத்தில் பெட்டியின் சக்திக்குள் அடங்க வேண்டும். அண்ணனின் பழைய பெட்டி இரண்டு அறைக்கே மூச்சு வாங்கியது. ரிவெர்பில் ஒன்றைத் தியாகம் செய்தார். எதிரொலியின் நேரத்தைச் சீனுக்குச் சீன் மாற்றிப் பார்த்தபோது 'ஞொய்ங்' என்று சுருதி வழுக்கியது. மாற்றாமல் இரண்டுக்கும் ஒரே நேரத்தை வைத்தார்.

பிறகு சத்த அளவு. வீட்டில் ஹெட்போனில் சமமாக இருந்த இரண்டு ஒலி மேடையில் ஒன்றை ஒன்று விழுங்கும். சத்தம் கூடக் கூட நம் காதுக்குக் கீழ்ச்சுருதியும் மேல்சுருதியும் வேறு மாதிரி எடுபடும் என்று பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே வளைகோடு வரைந்து காட்டியிருக்கிறார்கள். அந்த வளைகோடுதான் கருப்புப் பொட்டுக்கும் சிவப்புப் பொட்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம்! நான் குனிந்து ஒவ்வொரு குமிழாகப் பார்த்தேன். பேஸ் குமிழில்தான் இடைவெளி அதிகம்.

மணி ஐந்தரை. கீபோர்டுக்காரர் வந்துவிட்டார், தபேலாவுக்குச் சுருதி சேர்க்கும் தட்டல் தொடங்கிவிட்டது. அண்ணன் எல்லாரையும் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னார். மண்டபம் அமைதியானது. ஏணிமேல் இருந்த பூக்காரர்கூடக் கையை நிறுத்தினார். அண்ணன் எழுந்து நின்று, எல்இடி திரைக்குத் தோளைக் காட்டி, தந்தியை உள்ளங்கையால் மூடினார். நான் அவர் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சோடா மூடியைத் தொட்டது. விளக்கு சிவப்பிலிருந்து பச்சையானது. மறுபடி சிவப்பு. மறுபடி பச்சை.

மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து தம்பியின் குரல் மானிட்டரில் வந்தது.

"அண்ணே, நான் ரெடி. மாத்துங்க, கேட்டுப் பார்ப்போம்."

"டேய், மூணு வாட்டி மாத்திட்டேன்டா!"